மண்ணைத் தொடச் சொன்ன பாவம்

ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் என்ன தப்புச் செய்தாலும் அதைத் திருத்துவதற்கு அறை நிறைய ஆள் இருக்கும்.

முன் வரிசைக்காரர் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்துப் பேசியிருக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். நான் படித்தது பத்தாம் வகுப்பு. மகன் கோயம்புத்தூருக்கும் மகள் மதுரைக்கும் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், உத்தமபாளையத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் பெட்டி அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் தாங்களே தோண்டி, நிறுத்து, காயவைத்துக் கண்டுபிடிக்கிற பாடத்துக்கான பெட்டி அது. மூடி போட்ட அலுமினிய டப்பாக்கள், எண் காட்டும் சின்னத் தராசு, மண்ணுக்குள் திருகி இறக்குகிற இரும்புக் குழாய் எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த சார், பெங்களூரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் எடுத்த வகுப்புகளில் எல்லாம் மூலையில் உட்கார்ந்து டப்பா துடைத்துக்கொண்டிருந்தவள் நான். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீக மேரியம்மா, நீங்களே எடுங்க" என்று எங்கள் செயலாளர் ஜானகி அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

தள்ளிவிட்டதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். கல்வி ஆண்டு முடிவதற்குள் பெட்டிகளைக் கொடுத்த சென்னை நிறுவனத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருவார். அன்றைக்கு ஒரு பள்ளியில் ஆசிரியர் தாமாகவே இந்தப் பாடத்தை நடத்திக்காட்ட வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. "நீங்க போய்ச் செஞ்சு குடுத்தீகன்னா, பயிற்சி எடுபடலைன்னு எழுதிட்டுப் போயிருவாக. பெட்டியெல்லாம் வேற மாவட்டத்துக்குப் போயிரும்." பெட்டி போனால் கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு வேலை இல்லை. காலையில் எழுந்து தலை சீவிக் கிளம்பிப் போக எனக்கென்று இருந்த ஓர் இடமும் இல்லை.

வாயை மூடுவதாவது நடக்கும். ஜெபத்தில் பழகியிருக்கிறேன். கைதான் சிக்கல். யாராவது ஒரு காரியத்தைத் திருந்தாமல் செய்வதைப் பார்த்தால் என் கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொள்ளும். நிபந்தனையைப் பற்றிப் போனில் சொன்னதும் என் மகள் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நர்சிங் காலேஜ் சேர்ற வரைக்கும் எனக்கு நீதானேம்மா சடை பின்னுனே. நீயா கையக் கட்டிக்கிட்டு நிக்கப் போறே?"

ஊருக்கெல்லாம் உருண்டை

முதல் பயிற்சியை உத்தமபாளையத்தில் வைத்தோம். ஒரு கை மண்ணை எடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது, உதிர்ந்தால் இல்லை. இதைவிட எளிதான அறிவியல் உலகத்தில் கிடையாது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ஓர் ஆசிரியர் வீட்டில் புதுமனை புகுவிழா. டீச்சர்மார் பாதிப் பேர் பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். சார்மார் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள். மேசை மேல் நான் பரப்பிய மண்ணை எல்லாரும் பந்தியில் வைத்த பாகற்காயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஒரு டீச்சர் மட்டும் ரெண்டு விரலால் கொஞ்சம் கிள்ளி எடுத்தார். எடுத்ததும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு தாங்கவில்லை. "குடுங்க டீச்சர், நான் காட்டுறேன்" என்று ஓர் உருண்டை பிடித்தேன். பக்கத்து மேசைக்காரர், "எங்களுக்கு மேடம்?" என்றார். அவருக்கும் ஒன்று. அப்புறம் அடுத்த மேசை. கிறிஸ்துமஸுக்கு ரவா லட்டுப் பிடிக்கிற கை அல்லவா, ஒரே அளவில், விரிசல் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா மேசையிலும் உருண்டை. எல்லாரும் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். இது மாதிரி ஒழுங்கான பயிற்சியை நம் ஒன்றியம் கண்டிருக்காது என்று எனக்கே ஒரு பூரிப்பு.

அந்த இரண்டு விரல் டீச்சரின் பெயர் பரமேஸ்வரி. ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுப்பவர். சென்னைக்காரர் பார்க்கப்போவது அவர் வகுப்பைத்தான் என்று ஜானகி அம்மா அப்போதே முடிவு செய்திருந்தார். அவரிடமே போய், "எப்படி டீச்சர் இருந்துச்சு?" என்று கேட்டேன். உருண்டையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நல்லா இருக்கு மேடம். எங்க பிள்ளைகளுக்கும் நீங்களே வந்து உருட்டிக் குடுத்துட்டுப் போயிட்டீகன்னா சோலி சுளுவா முடிஞ்சிரும்."

கருவி பொய் சொல்லாது

கையால் தொட மாட்டார்கள் என்றால் கருவியைக் கொடுத்துவிடலாம் என்று பட்டது. பெட்டியில் ஒரு மின் கருவி உண்டு. ரெண்டு கம்பியை மண்ணில் குத்தினால் ஒரு முள் நகர்ந்து ஈரத்தின் அளவைக் காட்டும். கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு வாழைத் தோப்பில் பயிற்சி. காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். நான் கருவியைக் குத்தினேன். முள் பூஜ்யத்திலேயே நின்றது. இன்னோர் இடத்தில் குத்தினேன். அங்கும் பூஜ்யம்.

இங்கேதான் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தீகளா, மேலாப்புல ஈரம் மாதிரித் தெரியும். ஆனா வேருக்கு எட்டியிருக்காது. நம்ம கண்ணு ஏமாத்தும், கருவி பொய் சொல்லாது" என்று விளக்க ஆரம்பித்தேன். பெங்களூர் போன சார் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தன. ஆவியாதல், வடிதல், வேர் மண்டலம் என்று ஒன்றையும் விடவில்லை. பேசி முடிக்கிற நேரத்தில் எங்கள் வண்டி ஓட்டுகிற முருகேசன் வரப்பு மேல் ஓடி வந்தான். கருவிக்குப் போட வேண்டிய பேட்டரி அவன் சட்டைப் பையில் இருந்தது.

எல்லாரும் மரியாதையாகச் சிரிக்காமல் இருந்தார்கள். கணுக்கால் வரை சேற்றில் புதைந்து, ஒரு காலை எடுக்க முடியாமல் வாழையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சார் மட்டும் பணிவாகக் கேட்டார்: "கருவி பொய் சொல்லலைன்னா, எஞ் செருப்புதான் பொய் சொல்லுதா மேடம்?"

எல்லாரும் ஒரு முழம்தான்

பொட்டிப்புரம் பக்கம் போகும்போது கையில் இரும்புக் குழாயோடு போகக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்த மலைக்குள் குடைந்து ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சுக் கிளம்பியதிலிருந்து, அங்கே யார் தரையைத் தோண்டினாலும் நாலு பேர் வந்து ஏன் என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. நானோ ஒரு டீச்சரின் சொந்தக்காரருடைய புன்செய்க் காட்டில், பக்கவாட்டில் 'அறிவியல் ஊர்தி' என்று பெரிதாக எழுதிய வண்டியை நிறுத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயைத் திருகி இறக்கிக்கொண்டிருந்தேன். கூட வந்த டீச்சர்மார் தள்ளி வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள்.

தலை நிமிர்ந்தால் சுற்றிலும் ஆள். "ஆரு நீங்க? என்னத்துக்குத் துளை போடுறீக?" மண்ணில் ஈரம் பார்க்கிறோம் என்றேன். "பாத்து?" பிள்ளைகளுக்குச் சொல்லித்தர என்றேன். "மண்ணு ஈரமா இருக்கா இல்லையான்னு எங்க பிள்ளைகளுக்குத் தெரியாதா?" இதற்குப் பதில் பெங்களூர் சாரே சொன்னதில்லை. மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, "ஒரு முழத்துக்கு மேல போக மாட்டோம்ணே, சத்தியமா" என்று வாயைவிட்டேன். அதுவரை விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். காட்டுக்காரரை வரவழைத்து, அவர் எங்களை யார் என்று சொல்லி, வேப்பமர நிழலிலிருந்து டீச்சர்மாரையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டிய பிறகே கூட்டம் கலைந்தது.

ஓர் ஆட்டுக்காரப் பெண் மட்டும் போகவில்லை. கையில் குச்சியை ஊன்றி என் பக்கத்திலேயே நின்றாள். "போங்கக்கா, வெயில்ல ஏன் நிக்கிறீக?" என்றேன். அவள் சொன்னாள்: "எல்லாரும் ஒரு முழம்னுதான் ஆரம்பிக்கிறாகத்தா. நீ குழிய மூடிட்டு வண்டியேறுற வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

காயக் காய ஈரம்

ஈரத்தைக் கணக்கிடுகிற முறை சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஈர மண்ணை டப்பாவோடு நிறுக்க வேண்டும். காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் தண்ணீர். அடுப்புக்குப் பயிற்சி நடந்த பள்ளியின் சத்துணவுக் கூடத்தைக் கேட்டு வாங்கினோம். சமையல் செய்யும் அம்மா தோசைக்கல்லில் எங்கள் டப்பாக்களை வரிசையாக வைத்து, மண் காய்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்துக் கொடுத்தார்.

ஆறவைத்துத் தராசில் வைத்தால், காய்ந்த மண் ஈர மண்ணைவிடக் கனமாக இருந்தது. தராசைத் தட்டிப் பார்த்தேன். டப்பாவை மாற்றிப் பார்த்தேன். எல்லா டப்பாவும் கனத்துத்தான் இருந்தன. டீச்சர்மார் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். "சில மண்ணு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தபோதுதான், காலையில் நிறுத்தபோது டப்பாவுக்கு மூடி போடாததும், இப்போது அத்தனைக்கும் மூடி போட்டிருப்பதும் உறைத்தது. ஒவ்வொருவரும் தம் டப்பாவைத் தாமே நிறுத்திருந்தால் ஒருவராவது கண்டுபிடித்திருப்பார். எல்லா டப்பாவையும் வாங்கி வாங்கி நிறுத்தது நான்தானே.

பரமேஸ்வரி டீச்சர் என் எண்களைக் கரும்பலகையில் எழுதிக் கழித்துப் பார்த்தார். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "காயக் காய ஈரம் கூடுற மண்ணு எங்கன கிடைக்குது மேடம்? சொல்லுங்க, எங்கப்பா அங்கனயே ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டுருவாரு."

கேட்ட ஜெபம்

அந்த வருடம் மழை தள்ளிப்போனது. ராயப்பன்பட்டி மாதா கோயிலில் மழைக்காக ஒரு பூசை வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய ஊர். பூசைக்குப் போகாமல் இருக்க முடியாது. மறுநாள் பயிற்சிக்குக் காய்ந்த மண்ணும் வேண்டும். அதனால் டப்பாக்களின் மூடியைத் திறந்து, வெயில் படட்டும் என்று வண்டியின் கூரை மேல் தட்டில் பரப்பி, முருகேசனைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனேன்.

சனத்தோடு சனமாக முழங்காலிட்டு மழை கேட்டேன். கேட்ட கையோடு, "இன்னைக்கு ஒருநாள் மட்டும் பொழுதுசாயப் பெய்யட்டும் ஆண்டவரே, டப்பா திறந்து கிடக்கு" என்று தனியாக ஒரு விண்ணப்பமும் போட்டேன். விவசாயி வீட்டுப் பெண் கேட்கக் கூடாத வரம்தான். நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போதே கூரையில் சடசடவென்று விழுந்தது. கோயிலே எழுந்து நின்று அழுதது, சிரித்தது. நானும் அழுதேன். அதில் எவ்வளவு நன்றிக் கண்ணீர், எவ்வளவு டப்பாவுக்கானது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். வெளியே முருகேசன் முழுக்க நனைந்து, தட்டிலிருந்த சேற்றைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். "ஏக்கா," என்றான், "ஒங்க ஜெபத்துக்கு இம்புட்டு வெரசாப் பதில் வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மூடியாவது போட்டு வச்சிருப்பேன்ல?"

கையைக் கட்டிய நாள்

பார்வையிடும் நாள் நெருங்கிவிட்டது. பரமேஸ்வரி டீச்சர் அதுவரை ஒரு டப்பாவைக்கூடத் தாமாக நிறுத்ததில்லை. நிறுக்க நான் விட்டதும் இல்லை. கடைசிப் பயிற்சிக்கு முந்தின நாள் ஜெபத்தில் உட்கார்ந்து, நாளைக்கு என் கையைக் கட்டிப்போடும் என்று உருகி மன்றாடினேன். மறுநாள் பெட்டியைத் திறந்து வைத்து, "செய்ங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கோத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றேன்.

யாரும் அசையவில்லை. நான் திரும்பவும் இல்லை. பின்னால் குசுகுசு என்று பேச்சு. மேடத்துக்கு உடம்புக்கு என்ன, யாராவது ஏதாவது சொல்லிவிட்டீர்களா, காலையில் காப்பி கொடுத்தோமா என்று விசாரணை நடந்தது. தராசைத் தலைகீழாக வைக்கிற சத்தம் கேட்டது. என் விரல்கள் தானாக நெளிந்தன. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பரமேஸ்வரி டீச்சரின் வளையல் கழற்றுகிற சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு, கையை முழங்கை வரை மண்ணுக்குள் விட்டிருந்தார். பக்கத்தில் இருந்த சாரிடம் அவர் தணிந்த குரலில் சொன்னது தெளிவாகக் கேட்டது: "மேடம் ஏதோ வருத்தத்துல இருக்காக சார். பாவம், வீட்டுல என்ன பிரச்சனையோ. நாமளே உருட்டிருவோம், விடுங்க."

மேரியம்மா மழை

அந்த நாளும் வந்தது. பரமேஸ்வரி டீச்சரின் பிள்ளைகள் சில வாரங்களுக்கு முன்பே பள்ளிக்கூட முற்றத்தில் இரண்டு பாத்தி போட்டுவைத்திருந்தார்கள். இரண்டுக்கும் முதலில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றின் மேல் வைக்கோலும் சருகும் பரப்பி மூடினார்கள். மற்றதைத் திறந்தபடி விட்டார்கள். அதன் பிறகு இரண்டுக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூடின பாத்தி ஈரத்தைக் காத்திருக்கும், திறந்தது காய்ந்திருக்கும். அதை வந்தவர் முன்னால் தோண்டிக் காட்ட வேண்டும். அதுதான் பாடம்.

நானும் முருகேசனும் விடியற்காலையிலேயே போய்விட்டோம். கூட்டுகிற அம்மா இன்னும் வரவில்லை. முற்றம் புழுதியாகக் கிடந்தது. சென்னையிலிருந்து ஒரு விருந்தாளி வருகிற வாசல் தண்ணீர் தெளிக்காமல் கிடந்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். வாளியை எடுத்தேன். வாசலில் ஆரம்பித்து, கொடிக்கம்பத்தைச் சுற்றி, முற்றம் முழுக்க ஜெபம் சொல்லிக்கொண்டே தெளித்துக்கொண்டு போனேன். வைக்கோல் போட்ட பாத்தி கண்ணுக்குத் தெரிந்ததால் அதைச் சுற்றிப் போனேன். திறந்த பாத்தி தரையோடு தரையாகத்தான் கிடந்தது. அதற்குத் தாராளமாகவே தெளித்திருக்கிறேன். முருகேசன், "அக்கா!" என்று கத்தினபோது வாளி காலி.

மண்ணைக் கிளறிவிட்டுக் காயவைக்கலாமா என்று குனிந்தேன். அதற்குள் ஜானகி அம்மாவின் கார் வாசலில் நின்றது. வந்தவர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஓர் அம்மா. பிள்ளைகள் பாத்தியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். திறந்த பாத்தி சில்லென்று நனைந்திருந்தது. "டீச்சர், இதுதான் ஈரமா இருக்கு!" பரமேஸ்வரி டீச்சரின் முகம் வெளுத்தது. "யாரு இங்க தண்ணி ஊத்துனது?" பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைக் கை காட்டினார்கள். காலி வாளி என் காலடியில் இருந்தது. நான்தான் என்று சொல்லவும் முடியாது, மேலேதான் நனைத்தேன், ஆழத்தில் பாருங்கள் என்று சொல்லிக்கொடுக்கவும் முடியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக வேறு மாவட்டத்து வண்டியில் ஏறுவது கண்ணில் தெரிந்தது.

பரமேஸ்வரி டீச்சர் குனிந்து பாத்தியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "சரி. இப்ப ஒரு தூத்தல் விழுந்திருச்சுன்னு வச்சுக்கங்க. மேரியம்மா மழை. இந்த மழைத்தண்ணி எம்புட்டு ஆழம் போயிருக்கும்? ஆளுக்கொரு பதில் சொல்லுங்க பாப்போம்." ஒருத்தி ஒரு முழம் என்றாள். ஒருவன் பாறை வரைக்கும் என்றான். "தோண்டிப் பாத்துருவோமா?" ஒரு சிறுமி குழாயைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு திருகினாள். என் கை எழுந்துவிட்டது. முருகேசன் சத்தமில்லாமல் வந்து வாளியை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தான். "இதக் கெட்டியாப் பிடிச்சுக்கங்கக்கா. விட்றாதீக" என்று காதுக்குள் சொன்னான். பிடித்துக்கொண்டேன்.

திறந்த பாத்தியில் விரல் நகம் ஆழத்துக்குத்தான் ஈரம். அதற்குக் கீழே மாவு மாதிரி புழுதி. மூடின பாத்தியில் வைக்கோலை விலக்கித் தோண்டினால் குழாய் நிறையக் கறுத்த ஈர மண் வந்தது. உருண்டை பிடித்தார்கள், நின்றது. டப்பாவை அவர்களே நிறுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மூடி போடச் சொல்லி டீச்சர் நினைவூட்டினார். என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்த பிறகு டீச்சர் கூப்பிடாமலே பிள்ளைகள் திறந்த பாத்தியை ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேரியம்மா மழை காஞ்சே போச்சு!" என்று கூவினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சென்னை அம்மா என்னிடம் வந்தார். "வேணும்னே தண்ணி தெளிச்சு வச்சு டீச்சரைச் சோதிச்சீங்களே, நல்ல உத்தி" என்றார். ஜானகி அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். வகுப்புதான் முடிந்துவிட்டதே, வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். பொய்யை வைத்துக்கொண்டு ராத்திரி ஜெபத்தில் எப்படி உட்காருவது? "உத்தியெல்லாம் இல்லைங்கம்மா. வாசல் தெளிக்காமக் கிடந்துச்சு. கை சும்மா இருக்கலை" என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப வர்ற வருஷம் மத்த ஒன்றியத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் போய், இதே மாதிரி தெரியாமத் தெளிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பெட்டிகள் தப்பின.

எனக்குத்தான் மனசு ஒரு மாதிரி இருந்தது. பரமேஸ்வரி டீச்சர் என் உதவி இல்லாமலே நடத்திவிட்டார். இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் எதற்கு? டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் குழாயடியில் நகத்து மண்ணைக் கழுவிவிட்டு வந்து, வாளியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "மேடம், இனிமே நீங்க வராட்டியும் எங்க வகுப்பு நடக்கும். ஆனா மழை பெய்ய ஆளு வேணும்ல? அடுத்த பாத்தி போடுறப்ப சொல்லிவிடுறேன், வந்துருங்க."

ஆக, பேசிப் பேசிக் கிடைக்காத நல்ல பயிற்சியாளர் என்கிற பெயர் வாயைத் திறக்காமல் நின்ற அந்த ஒரு நாளில் எனக்குக் கிடைத்தது, அதற்கும் கையில் ஒரு காலி வாளி தேவைப்பட்டது.